பத்தாம் நம்பர் படுக்கைக்கு ஒரு பாட்டு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். இன்னிக்கு கொசுவத்தி சுத்தியே தீர்றதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க மக்கா.

2006ல ஆணி புடுங்குறதுக்காக என்னை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தாங்க. லண்டன் எல்லாம் இல்லை, வடக்கே ஒரு சின்ன ஊர். சாயங்காலம் அஞ்சரைக்குக் கடையச் சாத்திருவாங்க. ராத்திரி ஒரு மணிக்கும் சுடச்சுட இட்லி கிடைக்கிற மதுரையில இருந்து போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அப்படி ஒரு நாள் சூப்பர் மார்க்கெட் வாசல் பலகையில ஒரு சீட்டு கண்ணுல பட்டது. ஆஸ்பத்திரி ரேடியோவுக்குத் தன்னார்வலர்கள் வேணும், முன் அனுபவம் வேண்டாம்.

சின்ன வயசுல இலங்கை வானொலி கேட்டுட்டு, தீப்பெட்டிய மைக்கா வச்சுக்கிட்டு கே.எஸ்.ராஜா மாதிரி பேசிப் பார்த்த கோஷ்டி நான். விடுவேனா? மறுநாளே போய் நின்னுட்டேன்.

முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். அது எஃப்.எம். இல்லை. ஊருக்குள்ள யாருக்கும் கேட்காது. ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும், கம்பி வழியா, ஒவ்வொரு கட்டிலோட தலைமாட்டுக்கும் போகும். காதுல மாட்ட ஒரு ஹெட்ஃபோன், பக்கத்துல ஒரு சின்னத் திருகு. திருகினா பிபிசி சேனல்கள் சிலது வரும், கடைசியா எங்களோடது. நிலையம்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. கட்டடத்தோட அடித்தளத்துல பழைய சாமான் போட்டு வச்சிருந்த ஒரு ரூம். ரெண்டு சிடி பிளேயர், ரெண்டு ரெக்கார்டு பிளேயர், ஒரு மிக்ஸர், சுவர் முழுக்க ரெக்கார்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. டீ குடிச்சாக் கூட உண்டியல்ல காசு போடணும்.

முதல் மூணு மாசம் மைக் பக்கமே விடலை. போலீஸ் சரிபார்ப்பு, கை கழுவுறதுக்கு ஒரு பாடம், என்ன கேட்கலாம் என்ன கேட்கக் கூடாதுன்னு ஒரு பாடம். "உங்களுக்கு என்ன வியாதி"ன்னு மட்டும் கேட்கவே கூடாது. அப்புறம் கையில ஒரு கட்டு சீட்டும் பேனாவும் குடுத்து வார்டுக்கு அனுப்பினாங்க. கட்டில் கட்டிலாப் போயி, "உங்களுக்கு என்ன பாட்டு வேணும்? யாருக்காக?"ன்னு எழுதிட்டு வரணும். எட்டு மணிக்குப் பார்க்க வந்தவங்க எல்லாரும் கிளம்பிருவாங்க. எட்டரைக்கு எங்க நிகழ்ச்சி.

சீட்டு எழுதுறது எடுபிடி வேலைன்னு நினைச்சேன். எங்க குழுவுக்குத் தலைவரா இருந்தவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியவர். அவர் ஒரு நாள் சொன்னார்: பாட்டு ஒரு சாக்குதான்ப்பா, அந்தச் சாக்குல ஒரு கட்டிலுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்துட்டு வர்றதுதான் நம்ம வேலை.

ஒரு நாள் பத்தாம் நம்பர் கட்டில்ல நம்ம நிறத்துல ஒரு பெரியவர். சீட்டைப் பார்த்தா யாழ்ப்பாணத்துப் பேர். தமிழ்ல பேசினதும் எழுந்தே உட்கார்ந்துட்டார். "தம்பி எந்த ஊர்?" மதுரைன்னேன். "அப்ப டி.எம்.எஸ்.சின்ர ஊர்!"ன்னார். டி.எம்.சௌந்தரராஜன் 1922ல மதுரையில பிறந்தவர்ங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அன்னிக்கு என் ரூம்ல இருந்த சிடியத் தேடி எடுத்துட்டு ஓடினேன். அந்த ஆஸ்பத்திரிக் கம்பியில முதல் தடவையா ஒரு தமிழ்ப் பாட்டு போச்சு. போடுறதுக்கு முன்னாடி அவர் பேரையும் நானே படிச்சேன். அதுதான் மைக்ல என்னோட முதல் வார்த்தை.

அடுத்த வாரம் போனப்ப அவர் பாட்டைப் பத்திப் பேசவே இல்லை. "பன்னிரண்டு நாளா இவையள் என்ர பேரை உடைச்சு உடைச்சுத்தான் கூப்பிடினம். நீர் ஒருத்தர்தான் தம்பி முழுசாச் சொன்னனீர்"ன்னார். நான் சீட்டை எழுதுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஆஸ்பத்திரி ரேடியோ எங்க ஆரம்பிச்சது, ஏன் அங்க மட்டும் இப்படி வேர் விட்டுச்சுன்னு அப்புறமா நிறையத் தேடிப் படிச்சேன்.

முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட, 1919ல அமெரிக்காவுல வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில காயம்பட்ட சிப்பாய்களுக்காகக் கட்டில்ல ஹெட்ஃபோன் வச்சுப் பார்த்திருக்காங்க. இங்கிலாந்துல பிபிசி 1922 நவம்பர்ல ஆரம்பிக்குது. அதுக்கு மூணு நாலு வருஷத்துக்குள்ள, யார்க் நகரத்து ஆஸ்பத்திரியில சுமார் 200 கட்டிலுக்கு ஹெட்ஃபோன் மாட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் வழிபாடு, விளையாட்டு வர்ணனை எல்லாம் கட்டிலுக்கே வந்தது. இன்னிக்கும் பிரிட்டன்ல ஆஸ்பத்திரி ரேடியோ வரலாறு எழுதுறவங்க இந்த யார்க்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க.

அப்புறம் 1950கள்ல டாக் ஹெச்னு ஒரு தொண்டு இயக்கத்துக்காரங்க கால்பந்து மைதானத்துல போய் உட்கார்ந்துக்கிட்டாங்க. அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியா ஆஸ்பத்திரிக்கு நேரடி வர்ணனை. உள்ளூர் டீம் ஆட்டத்தைப் பார்க்க முடியாமப் படுத்துக் கிடக்கிறவனுக்கு அதைவிட என்ன மருந்து வேணும்? 1960கள்ல டேப் ரெக்கார்டர், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் சாமானியன் வாங்குற விலைக்கு வந்ததும் ஊருக்கு ஊர் நிலையம் முளைச்சது. நடத்தினது டாக்டரோ அரசாங்கமோ இல்லை. பஸ் டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர். கேக் சுட்டு வித்துக் காசு சேர்த்து, ஆம்பிளிஃபயர் வாங்கின கூட்டம்.

இதெல்லாம் எப்படின்னு சொல்லுது. ஏன்னு கேட்டா, அதுக்குப் பதில் இன்னொரு இடத்துல இருக்கு. அந்தக் காலத்து பிரிட்டன் ஆஸ்பத்திரிகள்ல நோயாளியப் பார்க்கச் சொந்தக்காரங்களை விடவே மாட்டாங்க. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள், அதுவும் சில மணி நேரம். குழந்தைங்க வார்டு இன்னும் மோசம். பெத்தவங்க வந்துட்டுப் போனா பிள்ளை அழும், அதனால வராம இருக்கிறதே நல்லதுன்னு நிர்வாகமே நம்பினது. 1952ல ஜேம்ஸ் ராபர்ட்சன்ங்கிறவர், ஆஸ்பத்திரியில தனியா விடப்பட்ட ரெண்டு வயசுப் பெண் குழந்தைய அப்படியே படம் எடுத்துப் போட்டுக் காட்டினார். டாக்டருங்களே கோபப்பட்டாங்க. 1959ல பிளாட் குழு அறிக்கை வந்து, குழந்தைகளைப் பார்க்கப் பெத்தவங்களைத் தடையில்லாம விடுங்கன்னு சொல்லுச்சு. அந்த அறிக்கை வந்த பிறகும் உடனே எல்லா வார்டுலயும் கதவு திறந்துடலை.

அதாவது, ஆளை உள்ள விடாத கட்டடத்துக்குள்ள குரலை மட்டுமாவது விடலாம்னு வந்ததுதான் ஆஸ்பத்திரி ரேடியோ. அங்க அது வளர்ந்ததுக்கும் நம்ம ஊர்ல வளராததுக்கும் இதுதான் காரணம்ங்கிறது என் கட்சி.

நம்ம ஊர்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். ரேடியோவத் தொண்டா நடத்துறதுல நாம ஒண்ணும் பிந்தினவங்க இல்லை. யார்க்ல ஹெட்ஃபோன் மாட்டுறதுக்கு முன்னாடியே, 1924 ஜூலை 31ஆம் தேதி மெட்ராஸ்ல சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் அவர் நண்பர்களும் ஆரம்பிச்ச ரேடியோ கிளப் ஒலிபரப்புத் தொடங்கிருச்சு. அரசாங்கக் காசு இல்லை, ஆசைப்பட்ட ஆளுங்க கைக்காசு. அது தாக்குப் பிடிக்க முடியாம 1927ல மூடிட்டாங்க. டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் கார்ப்பரேஷன்கிட்ட குடுத்தாங்க. கார்ப்பரேஷன் 1930 ஏப்ரல் 1ல இருந்து ஒலிபரப்பி, மெரினாவுலயும் பூங்காவுலயும் ஒலிபெருக்கி கட்டி ஜனங்களைக் கேட்க வச்சுது.

இங்கதான் மதுரைக்காரனுக்கு ஒரு சுவாரஸ்யம். 1938 ஜூன் 16ஆம் தேதி ஆல் இந்தியா ரேடியோவோட மெட்ராஸ் நிலையத்தைத் திறந்து வச்சவர் கவர்னர் எர்ஸ்கின் பிரபு. அடுத்த வருஷம், 1939 மே 16, திருச்சி நிலையத்தைத் திறந்து வச்சவர் ராஜாஜி. இப்ப நம்ம கோரிப்பாளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. முன்னாடி அதோட பேர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. இப்ப அரசு ராஜாஜி மருத்துவமனை. தமிழ்நாட்டுல ரேடியோவத் திறந்து வச்ச ரெண்டு பேரோட பேரையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு சுமந்த ஆஸ்பத்திரி! எனக்குத் தெரிஞ்சு அந்த ஆஸ்பத்திரிக்குன்னு ரேடியோ நிலையம் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பி வந்ததும் இதே கேள்வியோட ஒரு சாயங்காலம் பெரியாஸ்பத்திரி வாசல்ல போய் நின்னேன். பதில் கண்ணு முன்னாடியே இருந்தது. மேலூர்ல இருந்து, உசிலம்பட்டியில இருந்து, சோழவந்தான்ல இருந்து தூக்கு வாளியோட வந்து இறங்குற கூட்டம். வராண்டாவுல பாய் விரிச்சு ஒரு குடும்பம். மரத்தடியில ஒரு பாட்டி வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு நோயாளிக்கு நாலு பேர் துணை. வாட்ச்மேன் விரட்ட விரட்ட அந்தப் பக்கமாப் போய் இந்தப் பக்கமா வர்றாங்க. யாரும் தனியாக் கிடந்தாத்தானே ரேடியோ பேச்சுத் துணைக்கு வேணும்?

அப்படியே வேணும்னாலும் தலைமாட்டுல ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். மதுரைக்குன்னு வானொலி நிலையம் 1987லதான் வந்தது. அதுவரைக்கும் திருச்சி, திருநெல்வேலி, எல்லாத்தையும் விட இலங்கை. அந்த இலங்கை வானொலிக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்ல தென்கிழக்காசியாவுல சண்டை போட்ட நேச நாட்டுச் சிப்பாய்களுக்காகக் கொழும்புல நடத்தின ரேடியோ சியாக், 1949ல இலங்கை அரசாங்கத்து கைக்கு வந்தது. 1950ல வர்த்தக சேவை ஆரம்பிச்சு, எஸ்.பி.மயில்வாகனம் குரல்ல நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சது. வீட்டை விட்டு தூரத்துல கிடக்கிறவனுக்காக வந்த ரேடியோதான் அதுவும். நேயர் விருப்பத்துல தன் பேர் வருமான்னு நாம காத்துக் கிடந்ததும், பத்தாம் நம்பர் கட்டில் பெரியவர் காத்துக் கிடந்ததும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது.

துணைக்கு ஆள் வைக்கிறதை நம்ம மதுரை ஒரு முறையாவே செஞ்சிருக்கு. 1976ல டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, ரிட்டயர் ஆன பிறகு 11 படுக்கையோட ஆரம்பிச்சது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. கிராமத்துல முகாம் போட்டு, ஆபரேஷன் தேவைப்படுற பெரியவங்களை பஸ்ல ஒண்ணாக் கூட்டிட்டு வந்து, ஒண்ணாவே திருப்பிக் கொண்டு போய் விடுவாங்க. பக்கத்துப் பாயில படுத்திருக்கிறது பக்கத்து ஊர் ஆளாத்தான் இருக்கும். கண்ணுல கட்டு இருந்தா என்ன, பேச்சுக்கு ஆள் இருக்கு. டாக்டர் வி. அவர்களே வாலிப வயசுல மூட்டுவாதம் வந்து வருஷக்கணக்குல படுக்கையில கிடந்தவர்ங்கிறது உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஆனா எல்லா நோயும் துணைக்கு ஆள் வைக்க விடுறதில்லை.

காசநோய எடுத்துக்குங்க. ஒரு காலத்துல சானடோரியத்துல மாசக்கணக்குல, வருஷக்கணக்குல தனியா இருக்கணும். காத்து, வெயில், ஓய்வு, இதுதான் வைத்தியம். குடும்பம் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். இந்தப் பிரிவை முடிச்சு வச்ச ஆராய்ச்சி நடந்தது எங்க தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல. 1956ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச காசநோய் ஆராய்ச்சி நிலையத்துல, 193 நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துலயும் பாதிப் பேரை அவங்க வீட்டுலயே வச்சும் ஒரு வருஷம் ஒரே மாதிரி மருந்து குடுத்துப் பார்த்தாங்க. 1959ல முடிவு வந்தது. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. வீட்டுல இருந்ததால கூட இருந்தவங்களுக்கு நோய் அதிகமாத் தொத்தவும் இல்லை. அதுக்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு வேலை குறைஞ்சு போச்சு. வீட்டுக்கே திருப்பி அனுப்பின வைத்தியம் அது.

அதுக்கு 60 வருஷம் கழிச்சு, அந்தப் பிரிவு திரும்பி வந்தது. 2020 மார்ச் 25ஆம் தேதி, தமிழ்நாட்டோட முதல் கொரோனா மரணம் நம்ம ராஜாஜி மருத்துவமனையிலதான் நடந்தது. நாலு பேர் துணைக்கு இருந்த அதே ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ஒருத்தரையும் உள்ள விட முடியலை. திருப்பரங்குன்றத்தைத் தாண்டி தோப்பூர்ல இருக்கிற காசநோய் ஆஸ்பத்திரியும் கொரோனாவுக்காகத் திறந்தது. 2021 மே மாசம் அங்கயே 500 ஆக்சிஜன் படுக்கையோட தற்காலிக ஆஸ்பத்திரி போட்டாங்க. அந்த வார்டுகள்ல அப்ப இருந்த சட்டம், 1930கள்ல பிரிட்டன் வார்டுல இருந்ததை விடக் கடுமையானது.

அந்த மே மாசம் எங்க பெரியப்பாவையும் ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். எதுன்னு வேண்டாம், குறை சொல்றதுக்காக எழுதலை. வாசல்லயே ஸ்ட்ரெச்சர்ல இருந்து கையாட்டினார். அதுதான். கையில ஒரு பட்டன் போன் குடுத்து விட்டோம், மூணாம் நாள் சார்ஜ் தீர்ந்து அமைதியாயிருச்சு. பெரியம்மா ராத்திரி எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க: "அவுக பேரைச் சொல்லி யாராச்சும் கூப்பிடுவாகளாடா?"

அப்பத்தான் எனக்கு அந்த அடித்தள ரூம் ஞாபகம் வந்தது. வீட்டுல எல்லாரையும் உட்கார வச்சு, செல்போன்ல பதிவு பண்ணினேன். பெரியம்மா, பேத்தி, எதிர் வீட்டு டெய்லர் மாமா. கடைசியா ஒரு டி.எம்.எஸ். பாட்டு. மொத்தம் ஒன்பது நிமிஷம். தெரிஞ்சவர் மூலமா அந்த வார்டு நர்ஸ் ஒருத்தங்களுக்கு அனுப்பினோம். அந்தக் கவச உடையோட, ஓட்டம் ஓட்டமா வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்க, ரெண்டு தடவை அவர் காது பக்கத்துல போன வச்சுப் போட்டுக் காட்டினாங்களாம். ஆக்சிஜன் சத்தத்துல கேட்டுச்சா இல்லையான்னு சொல்ல முடியலைண்ணேன்னு போன்ல சொல்லிட்டு அழுதாங்க. ஒன்பதாம் நாள் பெரியப்பா போயிட்டார்.

கேட்டுச்சா இல்லையாங்கிறது எனக்கு இனிமே தெரியப் போறதில்லை. ஆனா அந்த வார்டுல இருந்த மத்த கட்டில்களை நினைச்சாத்தான் தூக்கம் வராது. அவங்களுக்கு அந்த நர்ஸ் நம்பர் தெரிஞ்ச சொந்தக்காரன் இல்லை.

இதை எல்லாம் இப்ப ஏன் எழுதறேன்னா, கொரோனா போயிருச்சு, தனிமை போகலை. இப்ப எல்லாம் பெரியாஸ்பத்திரி வாசல்லயே ஒத்தை ஆளா வந்து சேர்ற பெரியவங்களைப் பார்க்கிறேன். பிள்ளைங்க திருப்பூர்ல, துபாய்ல, என்னை மாதிரி ஆணி புடுங்கப் போன ஊர்ல. அந்த நாலு பேர் துணைங்கிறது நம்ம தலைமுறையோட குறைஞ்சுக்கிட்டே வருது. நம்ம கணக்குல ரேடியோவுக்குத் தேவை இல்லைன்னு நான் சொன்ன காரணமும் அதோடவே குறையுது.

செய்றதுக்கு வழி இருக்கான்னா, இருக்கு. 2004 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி ஆரம்பிச்சது, இந்தியாவுலயே முதல் வளாக வானொலி. நான் அங்க சீட்டு எழுதிக்கிட்டு இருந்த அதே 2006 கடைசியில, லாப நோக்கம் இல்லாத அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம்னு மத்திய அரசு விதியத் தளர்த்திச்சு. கல்வி நிலையங்களுக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. 100 வாட் சக்தி, பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் கேட்கும். தனி ஆளுக்குத் தர மாட்டாங்க, ஆனா ஒரு மருத்துவக் கல்லூரியே விண்ணப்பிக்கலாம். காத்துல விடாம, பழைய யார்க் மாதிரி ஒரு கட்டடத்துக்குள்ள கம்பியில விடுறது அதை விடச் சின்ன வேலை.

ஒண்ணே ஒண்ணு, ஸ்பீக்கர் கட்டிராதீங்க சாமிகளா. நம்ம ஊர் கோயில் திருவிழா ஞாபகத்துல வார்டுல குழாய் கட்டினா, பாதிப் பேருக்குத் தூக்கம் போயிரும். ஹெட்ஃபோன்தான். வேண்டாம்னா கழட்டி வைக்கிற உரிமை நோயாளிக்கு இருக்கணும்.

மிஷினை விட முக்கியம் ஆளுங்க. வாரத்துல ஒரு சாயங்காலம், ஒரு கட்டிலுக்கு அஞ்சு நிமிஷம், "ஐயா, என்ன பாட்டு வேணும்? யாருக்காக?"ன்னு கேட்டு எழுதிட்டு வர்ற நாலு பேர். பேரை மட்டும் சரியா எழுதிக்கணும். நான் இப்போதைக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில ரெண்டு பேர்கிட்ட பேசியிருக்கேன். சிரிச்சாங்க, ஆனா மறுக்கலை. மதுரையில இருக்கிறவங்க யாராவது ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியும்னா சொல்லுங்க. சீட்டும் பேனாவும் நான் வாங்கி வச்சுட்டேன்.